நூற்றுக்கு ஐந்து

கிட்ட வந்து இரு மகளே, கதவடியில் குளிர் அடிக்கும். தேத்தண்ணியை ஆறவிடாதே. உன் மகள் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக எழுதிப் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதனால் உனக்கு ஒரு கதை சொல்கிறேன், வேறு எவருக்கும் சொல்லாத கதை. கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. பிஸ்கட்டை மட்டும் மீதம் வைக்காதே.

என் மகள் சிவரூபியை உனக்குத் தெரியாது. நீ இந்தத் தெருவுக்கு வருமுன்பே அவள் போய்விட்டாள். எண்பத்து நாலில் நாங்கள் இரண்டு பேரும் லண்டனுக்கு வந்தோம். என் கணவர் பத்மநாதன் மாஸ்டர், வயதான தாயை விட்டு வர மனமில்லாமல் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அவர் கணக்கு வாத்தியார். ரூபிக்குக் கணக்கு அவரிடமிருந்து வந்தது. பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஊரில் அவள் பரீட்சையில் எடுத்த புள்ளிகளை இங்கே எவரும் மதிக்கவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு சாதாரணக் கல்லூரியில்தான் இடம் கிடைத்தது. காலையில் பஸ் ஏறுவாள், பின்னேரம் வந்துவிடுவாள். எனக்கு வரும் கவுன்சில் கடிதங்களை வாசிப்பாள். டாக்டரிடம் எனக்காக இங்கிலீஷ் கதைப்பாள். ஞாயிறு என்றால் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். நல்ல காலம் அது.

அங்கே அவளுக்குப் படிப்பித்தவர் பாலசுப்பிரமணியன் என்ற மதராஸ்காரர். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். வடையைக் கடித்துக்கொண்டு, "அம்மா, உங்க தமிழ் எனக்குப் பாதிதான் புரியுது. உங்க பொண்ணு போடற கணக்கு அந்தப் பாதிகூடப் புரியல" என்றார். இவள் இந்தக் கல்லூரியில் இருக்கவேண்டியவள் அல்ல, அந்தப் பெரிய இடத்துக்கு மாற்றிவிடப் பார்க்கிறேன் என்றார். நடுவில் வந்து சேர்கிறவர்களை அவர்கள் இலேசில் எடுக்கமாட்டார்களாம். இவர்கள் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவரையும் எடுத்ததில்லையாம்.

"நூற்றுக்கு எத்தினை தம்பி?" என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லணும்னா, அஞ்சு."

அந்த ஐந்துக்காக வெள்ளிக்கு வெள்ளி மனோர் பார்க் முருகனுக்கு அர்ச்சனை செய்தேன். இதை நீ நம்பவேண்டும். மனதாரச் செய்தேன். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் பாலசுப்பிரமணியன் மறுபடி வந்தார். இந்த முறை வடையைத் தொடவே இல்லை. ரூபி எழுதி அனுப்பிய கணக்குகளை அங்கே ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, நேரில் வரச் சொல்லியிருக்கிறாராம். "இப்ப அம்பதுக்கு மேலம்மா. நேர்ல பாத்தா விடமாட்டாங்க. அங்கேயே தங்க ரூம் குடுத்துடுவாங்க."

அடுத்த வெள்ளி நான் கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் கடும் சண்டை. தொலைபேசி இல்லை, தபால் இல்லை. கொழும்பில் யாரோ யாருக்கோ சொன்னதுதான் செய்தி. நான் திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு பின்னேரம் போன் அடித்தது. யாரோ வெள்ளைக்காரன், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடும்படி கேட்டான். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வைத்தேன்.

"ஆரம்மா?" என்று ரூபி அடுத்த அறையிலிருந்து கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் சொல்லாத நேரத்தில்தான் என் கணவர் செத்துப்போனார்.

"கொழும்பிலையிருந்தே?" ஓம் என்றேன். "அப்பாவுக்கு என்னவுமே?" ஓம். "ஷெல்லே அம்மா?" அதற்கும் ஓம். மற்றதெல்லாம் அவளாகவே சொன்னாள்.

பொட்டை அழித்தேன். தாலிக்கொடியைக் கழற்றினேன். பக்கத்துத் தெரு கனகாம்பிகை வெள்ளைச் சேலை கொண்டுவந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அழுகை தானாகவே வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடுதான் சாவுத் துடக்குக் கழியும். அதற்கு முன்னே நேர்முகம். துடக்கு வீட்டிலிருந்து பிள்ளை எப்படி வெளிக்கிடும்?

ஆனால் வெள்ளைக்காரர் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிற ஆட்கள். பாலசுப்பிரமணியன் சொன்னதும் நேர்முகத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆறுதல் சொல்லி ஒரு அட்டையும் அனுப்பினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் வருகிற நேரம் பார்த்துக் குசினியில் அடுப்புப் பக்கத்தில் லைற் போடாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒருநாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து என் காலடியில் இருந்தாள்.

"அம்மா, நான் போகேல்லை. உங்களைத் தனிய விட்டிட்டுப் போக என்னாலை ஏலாது."

"உன்ரை விருப்பம் பிள்ளை," என்றேன். "பிறகு என்னிலை பழி போடாதை."

பாலசுப்பிரமணியன் வாசலில் நின்றபடியே கெஞ்சினார். "ஒரு தடவை போய்ட்டு வரச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா." வடை தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அடுத்த சித்திரையில் என் கணவர் கொழும்புக்கு வந்து போன் எடுத்தார். அவர் குரலைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தவம், பிள்ளை எங்கை?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"பிள்ளை உங்களோடை கோவம். எங்களைத் தனிய அனுப்பிப்போட்டு நிண்டிட்டியள் எண்டு. கொஞ்ச நாள் போகட்டும்."

 "கோவத்திலை நியாயம் இருக்கு," என்றார். "படிக்கிறாளே?"

"நல்லாப் படிக்கிறாள்."

அதில் பொய் இல்லை.

அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்காகிவிட்டது. அவருடைய கடிதங்கள் பகலில் வரும். ரூபி முதலில் கல்லூரியில், பிறகு வேலையில். ஒவ்வோர் ஐப்பசியும் அவள் அப்பாவுக்குத் திவசம் செய்வாள். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறியை நான் வைப்பேன். வெள்ளிக்கிழமைகளில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, அவருடைய ஆயுளுக்காக வேண்டி, கழுவிவிட்டு வெளியே வருவேன். எந்தப் பெண்சாதி இவ்வளவு செய்வாள், சொல்லு?

தொண்ணூற்றாறில் ஊரிலிருந்து யோகலிங்கம் என்றொரு பெடியன் வந்தான். மாஸ்டரிடம் படித்தவன். கோயிலில் எங்களைக் கண்டதும் நேரே ரூபியிடம் போனான்.

"சிவரூபி அக்காதானே? இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை கிடக்கேக்கை மாஸ்டரை நான்தான் பாத்தனான். காய்ச்சலிலைதான் கண்ணை மூடினவர். மகளின்ரை கோவம் ஆறியிருக்குமோ எண்டுதான் கடைசிமட்டும் கேட்டவர்."

"எப்ப?" என்றாள் ரூபி.

"போன கார்த்திகை, அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "ஆளை மாறிச் சொல்லுறான் பிள்ளை," என்றேன். அவள் என் கோட்டை எடுத்துவந்து, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். பஸ்ஸில் கூட்டிவந்தாள். நான் படியேறி உள்ளே போகும்வரை றோட்டில் நின்றாள். அடுத்த கிழமை தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு வீடு மாறிப் போனாள்.

இப்போது கார்த்திகையில் திவசம் செய்கிறாளாம். கனகாம்பிகை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னாள். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாதாம்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். இருந்த மனிதரைச் செத்தவராக்கியது நான்தான். அவர் மெய்யாகவே செத்தபோது அழுகை வரவில்லை. அழவேண்டியதை முன்கூட்டியே அழுது முடித்துவிட்டேன். ஆனால் போகாதே என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஐம்பது என்றால் மற்ற ஐம்பதும் இருக்கிறதல்லவா? அதிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றினேன்.

மிச்சம் ஒன்றும் தூரமில்லை. ரயிலும் பஸ்ஸும் மாறி ஒன்றரை மணித்தியாலம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவ்வளவுதான் என்கிறார்கள். அவளுக்கு வேலை கூடப்போலிருக்கிறது. இந்த ஞாயிறு வந்தாலும் வருவாள்.

இருட்டமுன் எழும்பு மகளே. உன் பிள்ளைக்கு நூற்றுக்கு எத்தனை என்று சொன்னார்கள்? சரி, சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவளை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வா. உன் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஆறாதிருக்கட்டும். உன் மனுசன் நூறு வயது இருக்கட்டும். உன் பிள்ளை எங்கும் போகாமல், உன் கைக்கெட்டும் தூரத்திலேயே நன்றாக இருக்கட்டும்.