மூணு இன்ச் மடிப்பு

— அந்த மஞ்சத் தொப்பி மாமா நம்மளைப் பாத்து அஞ்சாவது தடவையா சிரிக்கிறார்ப்பா.

— சிரிக்காம என்ன பண்ணுவார்? ரோலர் கோஸ்டர் கியூவுக்குன்னு கயித்தை வளைச்சு வளைச்சு கட்டி வச்சிருக்கான். ஒவ்வொரு வளைவுலேயும் அவர் மூஞ்சில நாம முழிக்கிறோம், நம்ம மூஞ்சில அவர் முழிக்கிறார்.

— அவர் சட்டை நீ தைச்சதா?

— சேச்சே. காலரைப் பாரு. ஒரு பக்கம் மலைக்குப் போகுது, ஒரு பக்கம் கடலுக்குப் போகுது. அதை நான் தைச்சிருந்தா கடையைப் பூட்டிட்டு ஊரை விட்டே ஓடியிருப்பேன்.

— மெதுவாப்பா. காதுல விழப் போகுது.

— விழட்டும். டைலருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா இப்படித்தான்.

— நீ இப்படியெல்லாம் பேசுவியா?

— ஏன், நான் என்ன ஊமையா?

— கடையில ஊமைதான். எப்பப் பாரு வாயில குண்டூசி. ஸ்கூல்ல நடந்ததைச் சொன்னா 'ம்'. பசிக்குதுன்னா 'ம்'. கால்ல அடிபட்டுச்சுன்னா 'ம்ம்'. அடிபட்டா மட்டும் ஒரு 'ம்' கூடப் போடுவே.

— ஊசியை வச்சுக்கிட்டு வாயைத் திறந்தா முழுங்க வேண்டியதுதான், சிட்டு.

— அதான் சொல்றேன். இன்னிக்கு ஊசி இல்ல. மெஷின் சத்தம் இல்ல. 'ஜாக்கெட் ரெடியா'ன்னு யாரும் எட்டிப் பாக்கலை. நல்லா இருக்கு.

— அது கிடக்கட்டும். உனக்குக் கால் வலிக்குதா?

— இல்ல. உனக்கு?

— நாள் பூரா மெஷினை மிதிக்கிற காலு இது. சும்மா நிக்கிறது இதுக்கு லீவு விட்ட மாதிரி.

— அப்பா, ஆளைப் பாத்தே அளவு சொல்வியே, சொல்லேன். தொப்பி மாமாவுக்குத் தோள்?

— பதினெட்டரை.

— அந்தக் கண்ணாடி போட்ட அக்காவுக்குக் கை நீளம்?

— இருபத்திரெண்டு. வலது கை கால் இன்ச் கூட. பை தூக்கித் தூக்கி இறங்கியிருக்கு.

— கயித்துக்கு வெளியில நிக்கிற அந்த சிவப்பு கவுன் பாப்பா எவ்வளவு உயரம்?

— மூணடி ஒன்பது. அடுத்து நீ. உனக்கு…

— எனக்கு வேணாம். அங்க பாரு, ஸ்பெஷல் டிக்கெட்காரங்க மறுபடி ஓடி வராங்க. பச்சைச் சட்டை அண்ணனும் அந்த அக்காவும் இப்பத்தானே ஏறி இறங்கினாங்க?

— மூணாவது ரவுண்டு. நம்மளைத் தாண்டி ஓடினாங்க, ஏறினாங்க, இறங்கினாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

— சார், கொஞ்சம் இருங்க. நீங்க ரெண்டு பேர்தானே?

— ஆமா தம்பி. இங்க வேலை பாக்கறீங்களா?

— ஆமா சார், இந்த ரோலர் கோஸ்டர்லதான். தனித்தனியா உக்காரச் சம்மதம்னா என்கூட வாங்க. ஒத்தை ஆளுக்குன்னு ஒரு வழி இருக்கு. எங்கெங்க ஒரு சீட்டு காலியோ அங்கங்க உக்கார வச்சிடுவோம். பத்து நிமிஷத்துல ஏறிடலாம். காசெல்லாம் கிடையாது.

— வேணாம்ணா.

— வேணாம் தம்பி.

— இங்கேயே நின்னா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் சார்.

— ஆகட்டுமே.

— பாப்பா தனியா உக்காரப் பயப்படுதா? பயமே வேணாம், பெல்ட்டு, கம்பி எல்லாம்…

— எனக்கு என்ன பயம்? அப்பாவுக்குத்தான் பயம். நான் பக்கத்துல இருக்கணும்.

— ஆமா தம்பி. எனக்கு ரொம்பப் பயம்.

— சரி சார். எல்லாரும் முன்னாடி விடச் சொல்லி என் சட்டையைப் பிடிக்கிறாங்க. நீங்க விட்டாலும் வரமாட்டேங்கிறீங்க. நான் மேடையிலதான் இருப்பேன், அங்க பாப்போம்.

— உனக்கு நிஜமாவே பயமாப்பா?

— நீதானே சொன்னே.

— நான் சும்மா சொன்னேன்.

— நானும் சும்மா ஆமாம் போட்டேன்.

— பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானா 'நடந்தே போயிடலாம் வா'ன்னு இழுத்துக்கிட்டு போற ஆளு நீ. இன்னிக்கு என்ன, பெரிய சாமியார் மாதிரி நிக்கிறே?

— அது கிடக்கட்டும். தண்ணி குடிக்கிறியா?

— காலையிலேர்ந்து எத்தனை 'அது கிடக்கட்டும்'. என்னமோ சொல்லணும்னு வச்சிருக்கே. சொல்ல வரல.

— அந்தக் கொடிக் கம்பம் வரட்டும், சொல்றேன்.

— தண்ணிக் குழாய் வரட்டும்னே. குழாய் போயி எவ்வளவு நேரம் ஆச்சு?

— கம்பம் வந்தா கண்டிப்பா.

— வந்தாச்சு. இதோ தொட்டுட்டேன்.

— உன் ஸ்கூல் விஷயம்டா சிட்டு. அதாவது, அடுத்த வகுப்பு…

— நீலப் பாவாடை.

— என்ன?

— என் ஸ்கூல் பாவாடை பச்சை. போன வாரம் கட்டிங் டேபிள்ல நீலத் துணி வெட்டிப் போட்டிருந்தே. பக்கத்துல அளவு நோட்டு. அதுல என் பக்கம் திறந்திருந்துச்சு. அம்மா ஊர்ல பசங்க நீலம்தான் போடறாங்க, நான் பாத்திருக்கேன்.

— ஒரு வாரமாத் தெரியுமா உனக்கு?

— ம்.

— ஏன்டா கேக்கலை?

— நீ எப்பச் சொல்றேன்னு பாத்தேன்.

— நான் ஒரு மடையன். வாயால மறைச்சதை டேபிள்ல பரப்பி வச்சிருக்கேன்.

— இப்பவாவது வாயால சொல்லு.

— சொல்றேன். நானும் அம்மாவும் பிரியும்போதே பேசிக்கிட்டது இது. அஞ்சாவது வரைக்கும் நீ என்கிட்ட, ஆறாவதுலேர்ந்து அம்மாகிட்ட. அப்ப உனக்கு எட்டு வயசு. ஆறாவதுங்கிறது எங்கேயோ கண்ணுக்கெட்டாத தூரத்துல இருந்துச்சு.

— இப்ப கிட்ட வந்துடுச்சு.

— வந்துடுச்சு. இன்னும் எட்டே நாள். திங்கட்கிழமை ரயில்.

— நீ அம்மாகிட்ட 'இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே'ன்னு கேட்டியா?

— கேக்கலை. கேட்டிருந்தா ஒருவேளை சரின்னு சொல்லியிருப்பா. ஆனா நீ வீட்டுப்பாடம் முடிச்சிட்டு மெஷின் பக்கத்துல துணி மூட்டை மேலேயே தூங்கிடறே. நான் நிமிர்ந்து பாக்கும்போது நீ தூங்கி ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. அம்மாவுக்கு இப்ப ஆஸ்பத்திரி லேப்ல பகல் வேலை. சாயங்காலம் வீட்ல இருப்பா. உன்கூட உக்காந்து சாப்பிடுவா.

— துணி மூட்டை எனக்குப் பிடிக்கும். மெத்துனு இருக்கும்.

— எனக்குப் பிடிக்கலை. ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கு.

— அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?

— மாட்டேன், சொல்லு.

— எனக்கு அம்மாகிட்டப் போகணும்னும் இருக்கு.

— இருக்கும். இருக்கணும்.

— நிஜமாக் கோவமில்லையே?

— அட அசடு. பெத்த அம்மாகிட்டப் போகணும்னு உனக்குத் தோணலைன்னாதான் நான் கவலைப்படணும்.

— ஆனா உன்னை விட்டுட்டுப் போகணும்னு இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கு.

— எனக்கும் ரெண்டும்தான்டா இருக்கு. நகரு, முன்னாடி இடம் விட்டிருக்கு. பின்னாடி ஒருத்தர் முறைக்கிறார்.

— முறைக்கட்டும். அப்பா, நான் இன்னொரு தப்பு பண்ணிட்டேன். நீ சாப்பிடப் போனப்ப அந்த நீலப் பாவாடையை எடுத்துப் பாத்தேன்.

— பாத்தா என்ன? உன் பாவாடைதானே.

— மடிப்பை டேப் வச்சு அளந்தேன். உள்ள மூணு இன்ச் விட்டிருக்கே.

— வளர்ற பொண்ணு. விடாம?

— 'வருஷத்துக்கு ஒரு இன்ச், மூணு இன்ச் விட்டா மூணு வருஷத்துக்குக் கவலையில்ல'ன்னு எல்லா அம்மாங்ககிட்டேயும் நீதானே சொல்வே?

— ஆமா, சொல்வேன்.

— அப்ப மூணு வருஷத்துக்கு நான் உன்கிட்ட வரவே வேணாமா?

— சிட்டு. என்னடா பேச்சு இது? லீவுக்கு லீவு வருவே இல்ல?

— அம்மாவைப் பாக்க நான் லீவுக்கு லீவுதான் போனேன். ரெண்டு வருஷத்துல நாலு தடவை. எண்ணிட்டேன். ஒவ்வொரு லீவுலேயும் உனக்கு வேலை இருந்துச்சு, இல்ல அம்மாவுக்கு டியூட்டி இருந்துச்சு.

— நான் அப்படி நெனைச்சு மடிப்பு விடலைம்மா. கைப்பழக்கம். குழந்தைங்க துணின்னா கை தானா மூணு இன்ச் மடிச்சிடும்.

— பிரிச்சிடு. மடிப்பே வைக்காதே. இப்ப எனக்கு என்ன அளவோ அதுக்குச் சரியாத் தை. குட்டையாப் போனா வேற வழியில்ல, உன்கிட்டத்தானே வரணும்.

— குட்டைப் பாவாடையோட போனா டீச்சர் வெளியில நிக்க வைப்பாங்க.

— நிக்கிறேன். 'என் துணியை எங்கப்பாதான் தைக்கணும், லீவு குடுங்க'ன்னு லெட்டர் எழுதுவேன். மூணு இன்ச் விட்டா அம்மாவே பிரிச்சுக் கீழ இறக்கிடுவா. நீ எதுக்கு அப்புறம்?

— …

— என்னப்பா, ஊசியைப் போட்டுக்கிட்டியா?

— ம்.

— அப்பா.

— ம்ம்.

— ரெண்டு 'ம்'. அடிபட்டாதானே ரெண்டு போடுவே. இப்ப யாருக்கு அடி?

— ரெண்டு பேருக்கும்டா.

— இந்தா, கர்ச்சீப். தொப்பி மாமா பாக்குறார்.

— பாக்கட்டும். அவர் காலரை நான் பாக்கலையா?

— அழுதுக்கிட்டே சிரிக்காதே, விக்கும்.

— கேளு. அரை இன்ச் மட்டும் வைக்கிறேன். அதுக்கு மேல ஒரு நூல் கூட வைக்க மாட்டேன்.

— அரை இன்ச்சுன்னா?

— ஆறு மாசம்.

— கால் இன்ச்.

— கால் இன்ச்சுக்கு ஓரம் நிக்காது, பிரிஞ்சு தொங்கும். அப்பா பேரு கெட்டுடும். அரை. ஆனா ஆறு மாசம் வரைக்கும் நீ காத்துக்கிட்டிருக்க வேணாம். நான் மாசா மாசம் டேப்பை எடுத்துக்கிட்டு வரேன். எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு பாக்க.

— அம்மா கதவைத் திறப்பாளா?

— திறப்பா. போன லீவு முடிஞ்சு நீ வந்தப்ப உன் பையில ஒரு சீட்டு வச்சு அனுப்பியிருந்தா. 'அவ இங்க வந்தப்புறம் மாசம் ஒரு தடவையாவது நீங்க வரணும், இல்லேன்னா ஏங்கிடுவா'ன்னு எழுதியிருந்தா. நான்தான் பதில் போடலை.

— ஏன் போடலை?

— வாயில ஊசி. வேற என்ன.

— கடை?

— ஞாயித்துக்கிழமை லீவு விடுவேன். இன்னிக்கு விடலையா? குடியா முழுகிப் போச்சு?

— இன்னிக்கு ரெண்டு ஜாக்கெட் குடுக்கணும்னு சொன்னியே.

— அவங்களும் கொஞ்சம் கியூவுல நிக்கட்டும். மனுசங்க நல்லாப் பேசிக்கலாம்.

— சத்தியமா மாசா மாசம் வருவியா?

— உன் தலை மேல கையை வச்சுச் சொல்றேன், வருவேன். இன்னிக்கே அம்மாவுக்கு எழுதறேன்.

— பையில சீட்டு வேணாம். போன் பண்ணு. நான் பக்கத்துல இருக்கும்போது பண்ணு.

— சரி.

— அப்பா, தொப்பி மாமா ஏறிட்டார். அடுத்தது நாம.

— அதுக்குள்ளேயேவா?

— ரெண்டு மணி நேரம் ஆச்சுப்பா.

— அட, நீங்களா சார்? கடைசியில வந்து சேந்துட்டீங்க. பாப்பா, இந்த அளவுக் கம்பத்துகிட்ட வந்து நில்லு. குதிகால் தரையில இருக்கணும்.

— இருக்குண்ணா.

— அடடா. சார், நாலடி ஆறு இன்ச் இருந்தாதான் ஏத்தலாம். பாப்பா ரெண்டு இன்ச் குறையுது. தப்பா நெனைக்காதீங்க, இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. வாசல்லேயே உயரத்துக்குக் கோடு போட்டுப் பலகை வச்சிருக்கோமே, பாக்கலையா?

— அப்பா பாத்திருக்க மாட்டார்ண்ணா. நான் பலகைக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டேன்.

— அப்ப நீ பாத்துட்டியா பாப்பா?

— நான் வந்ததுமே பாத்துட்டேன். கோச்சுக்காதேப்பா. சொல்லியிருந்தா நாம வேற எதுலயாவது சட்டுனு ஏறி சட்டுனு இறங்கிக் கடைக்குப் போயிருப்போம். நீ பழையபடி ஊசியை எடுத்து வாயில வச்சுக்குவே.

— நான் எதுக்குக் கோச்சுக்கப் போறேன்? போன ஞாயித்துக்கிழமை உன்னை அளந்தவனே நான்தானே. நாலடி நாலு இன்ச்.

— அப்ப அந்தப் பலகை?

— நீ முன்னாடி நின்னா மறைஞ்சிடுமா? உன் தலைக்கு மேல சரியா ரெண்டு இன்ச்சுல கோடு தெரிஞ்சுது.

— என்ன சார் இது, ரெண்டு பேருக்குமே தெரிஞ்சா இவ்வளவு நேரம் நின்னீங்க? சரி பாப்பா, நீ வருத்தப்படாதே. அந்தப் பக்கம் குட்டி ரயில் இருக்கு. அங்க கியூவே கிடையாது, நேராப் போய் ஏறிடலாம்.

— பெரிய கியூ இருக்கிறதாப் பாத்து ஒண்ணு சொல்லுங்கண்ணா.