ஆள் பார்க்கத் தெரிந்தவன்

கல்யாண வீடுகளில் நான் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். ஆட்களின் லட்சணம் தெரிவது அங்கேதான்.

அறிவுச்செல்வனை அப்படித்தான் கண்டுகொண்டேன். ஒரு கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போயிற்று. யாரும் ஏவாமல், பரிமாறிய இரண்டு பேரின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். கடைசி இலைவரை சாப்பாடு வந்தது. அவன் உத்தரவு போட்டதே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எங்கள் சாதிச் சங்கத்தின் ஒன்றியத் தலைவர் நான்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். முடிந்ததும் புதுப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, வண்டியை விடுவதா வேண்டாமா என்கிற முடிவை அவனிடம் ஒப்படைத்தேன். எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியைக் கேள்வி கேட்காமல் விடவேண்டும் என்பது அவன் சொன்ன முதல் வார்த்தை. வண்டிகளைத் தூரத்து வளைவிலேயே நிறுத்தி, விசாரித்து வந்து சொல்வதை நான் எடுத்துக்கொண்டேன்.

நவுஷாத்தின் வாடகை ஜீப் கரியாலூரிலிருந்து இறங்கி வந்தது. உள்ளே அறிவுச்செல்வனின் தங்கை அமிர்தம். அங்கே வாழ்க்கைப்பட்ட பெண். நிறைமாதம், புடவையெல்லாம் ரத்தம்.

"எங்கண்ணனாண்ட சொல்லுங்க மாமா, வுட்டுடும்" என்றாள்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு நடந்தேன். நிதானமாகவே யோசித்தேன். தங்கை என்று தெரிந்து வழிவிட்டால் அது பாசம். அதை வைத்து ஒருவனின் தலைமையை எடைபோட முடியாது.

"யாரு மாமா வண்டியில?" என்று கேட்டான்.

"கடுக்கா மூட்டை ஏத்திக்கினு போறான்."

"அப்ப திரும்பிப் போவச் சொல்லுங்க."

வளைவுக்குப் போய், அறிவுச்செல்வன் விடமாட்டேன் என்கிறான், சுற்றிக்கொண்டு போங்கள் என்றேன். அமிர்தத்தின் காதிலும் அது விழுந்தது. அதன் பிறகு அவள் முனகவில்லை. சுற்றுவழியிலும் மரம் கிடப்பது எனக்குத் தெரியும். அவள் பிழைக்கமாட்டாள் என்பதும் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு வழியிலேயே போய்விட்டாள்.

சாவு வீட்டில் அறிவுச்செல்வன் என்னைத் தனியே அழைத்தான். "கடுக்கான்னு சொன்னீங்களே மாமா" என்றான். அவ்வளவுதான். பிறகு கூட்டத்துக்கு நடுவே போய் நின்று, திருப்பி அனுப்பியது தான்தான் என்றான். என் பெயர் வெளியே வந்தால் சங்கம் இரண்டாக உடையும், மறியல் நின்றுபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நவுஷாத்தின் வாயையும் அவனே அடைத்தான். பெற்ற தாய் அவன் முகத்தில் காறித் துப்பினாள். துடைக்காமல் நின்றான். நான் கணித்தது சரிதான். அப்படியொரு தலைவனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

தேர்தலில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. என்னையே மறுபடியும் நிற்கச் சொன்னார்கள். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். ஒன்றியத்தில் வேறு தகுதியான ஆள் இல்லை.