தையல்காரரின் நகமும் என் சிரிப்பும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, முன்வரிசையில் முதுமையோடும் முறுக்கோடும் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, நின்று நின்றே கால் நரம்பு புடைத்துப்போன செவிலித் தாய்மார்களே, பெண் எப்போது வருவாள், பிள்ளை எப்போது சாப்பிடுவான் என்று மூன்று ஆண்டுகள் வாசலையே பார்த்திருந்த பெற்றோர்களே, பொதுமருத்துவப் பயிற்சியை முடித்துப் பட்டத்தோடு புறப்படக் காத்திருக்கும் இளம் மருத்துவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும், ஓய்வு பெறப்போகிற என்னைப் புகழ்ந்தார்கள். ஒருவர் என்னை மலை என்றார். இன்னொருவர் கடல் என்றார். "சார் ரவுண்ட்ஸ் வந்தா வார்டே நிமிர்ந்து நிக்கும்" என்றார் மூன்றாமவர். நிமிர்ந்து நின்றதா? நடுங்கி நின்றதா? சிரிக்கிறீர்கள். அந்தப் பின்வரிசையில்தான் சத்தம் அதிகம். என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் போலிருக்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களால் முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் பிரிவில் இரண்டாமாண்டுப் பயிற்சி மருத்துவராக ஒரு பெண் இருந்தார். வார்டில் அவருக்கு 'டாக்டர் சந்தேகம்' என்று பெயர். வைத்தவன் நான். பத்து நோயாளிகளைப் பார்த்தால் பதினோரு முறை, "சார், ஒரு சந்தேகம்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். கற்பிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனுக்குக் கேள்வி கேட்டால் எரிச்சல்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அந்த வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. மூன்று வாரக் காய்ச்சல், மூச்சிரைப்பு, கழுத்தெலும்பு துருத்தும் அளவுக்கு மெலிவு. நெஞ்சுப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "நிமோனியா. மருந்தைப் போடுங்க" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

"சார், ஒரு சந்தேகம்."

திரும்பினேன். தையல்காரரின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி அந்தப் பெண் நின்றிருந்தார்.

"நகத்துக்கு அடியில மெல்லிசா கறுப்புக் கோடு இருக்கு சார். நாலு விரல்ல இருக்கு. இதயத்துலயும் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேக்குது. வால்வுல கிருமி பிடிச்சிருக்கலாம். மருந்து போடறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு, இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் பாத்துடலாமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டடி நடந்திருக்க வேண்டும். குனிந்திருக்க வேண்டும். குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? தையல்காரரைப் பார்த்துக் கேட்டேன்: "ஏங்க, உங்க தொழில்ல விரல்ல ஊசி குத்தாம இருக்குமா?"

பாவம், அந்த மனிதர் பெரிய டாக்டர் தன்னிடம் பேசிவிட்டார் என்ற பூரிப்பில், "குத்தாத நாளே இல்லீங்க" என்றார்.

நான் சிரித்தேன். என்னைச் சுற்றி நின்ற பன்னிரண்டு மருத்துவர்களும் சிரித்தார்கள். நகைச்சுவைக்காகவா சிரித்தார்கள்? நான் சிரித்ததற்காகச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்தது. ஏந்தியிருந்த கையை மெதுவாகப் படுக்கையில் வைத்தார். ஆனாலும் கேஸ் ஷீட்டில், 'இதய ஒலியில் மாற்றம், எக்கோ தேவை' என்று எழுதிவிட்டார். மறுநாள் அதைப் பார்த்தேன். "நான் பாத்த கேஸ்ல நீ என்ன தனியா தீர்ப்பு எழுதறது? அத அடிச்சு விடு" என்றேன். என் கண்ணெதிரே ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டின் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் தையல்காரருக்கு வலது கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு நின்றது. வால்வில் படிந்திருந்த கிருமித் திரள் உடைந்து மூளைக்குப் போய்விட்டது. ஏழாம் நாள் இறந்தார். முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? சத்தியம் செய்ய எனக்கு வழியில்லை. ஆனால் பிழைப்பதற்கு அவருக்கிருந்த வாய்ப்பை ஒரு சிரிப்பில் பறித்தவன் நான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, பொறுத்தருளுங்கள். நீங்கள் கொடுத்த நேரம் என்னைப் பற்றிப் பேசத்தானே? என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் இறப்பு ஆய்வுக் கூட்டம். தலைமை நாற்காலியில் நான். "இந்தப் பேஷண்ட தினமும் பாத்தது யாரு?" என்று கேட்டேன். அவர் எழுந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் சார்" என்றார். "இவங்க சொன்னத யாராவது கேட்டீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தேன். பன்னிரண்டு பேர். இருபத்துநான்கு காதுகள். ஒருவர் பேனா மூடியைத் திருகினார். ஒருவர் தரையைப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை! அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த மௌனத்தை அவர்களுக்குப் பாடமாக நடத்தியதே நான்தான். 'வலியுறுத்திச் சொல்லத் தவறினார்' என்று அறிக்கை எழுதினோம். அவருக்குத் தண்டனை, ஆறு மாதம் பயிற்சி நீட்டிப்பு. வெளியே நடைபாதையில் தையல்காரரின் மனைவி நின்றிருந்தார். தவறு இந்தப் பெண்ணுடையது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "நீ நல்லா இருப்பியாடி?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார். நான் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டேன்.

இன்று அவர் வேறோர் ஊரில் சின்ன மருத்துவமனையொன்றில் இருக்கிறார். ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம் தேடிப் போனேன். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையில் குறை வைக்கவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன். நான் சாத்திவிட்டு வந்த கதவை ஒருமுறை பார்த்தார்.

"என்னைக் கேவலப்படுத்தறப்ப ரூம் நிறைய ஆள் வச்சுப் பண்ணீங்க சார். மன்னிப்பு மட்டும் கதவ சாத்திட்டுக் கேக்கறீங்களே?"

இந்த விழாவுக்கு வருமாறு அழைத்தேன். "வார்டுல ஆள் இல்ல சார்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அறை நிறைய ஆட்கள் இருக்கும் இந்த இடத்தில், கதவுகளெல்லாம் திறந்திருக்கும் இந்த நேரத்தில், சொல்கிறேன். தவறியவர் அவரல்லர். தவறியவன் நான். அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை. அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. அவர் எழுதினார், நான் அடிக்க வைத்தேன். அந்த அறிக்கையைத் திருத்தக் கோரும் கடிதத்தை இன்று காலை முதல்வரிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாம், தயவுசெய்து கை தட்டாதீர்கள். உண்மையை நான்கு ஆண்டு தாமதமாகச் சொல்கிறவனுக்கு எதற்குக் கைதட்டல்?

பயிற்சி பயிற்சி என்கிறோமே, எதைப் பயிற்றினோம்? நோயைக் காணப் பயிற்றினோமா, மேலதிகாரியின் முகத்தைக் காணப் பயிற்றினோமா? நெஞ்சொலியைக் கேட்கப் பயிற்றினோமா, நெருக்கடியில் நாவை அடக்கப் பயிற்றினோமா? பிள்ளைகளே, நாளை உங்கள் பின்னால் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் ஒரு குரல் நடுங்கும். நடுங்கினாலும் நிற்காது. அன்று, அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள். திரும்புங்கள். குனியுங்கள். கேளுங்கள்!

நேற்று தையல்காரரின் மனைவியையும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். கழற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் என்னைத் திட்டவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா சார்? அந்தப் பொண்ணை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே."

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, வாழ்த்தை எதிர்பாராமல் இறங்குகிறேன். வணக்கம்.