கருமாதிப் பத்திரிகைகளும் ஒன்பது கடிதங்களும்

பெயர் வை. கோவிந்தராசு, வயது 76, தகப்பனார் பெயர் வைத்திலிங்கம், கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். முகவரி: மன்னார்குடி வட்டம், ஆலங்கொல்லை கிராமம், வாய்க்கால் தெரு, கதவு எண் 14.

நான் மேற்படி முகவரியில் என் மருமகள் செம்மொழியுடன் வசித்து வருகிறேன். என் மனைவி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் ஒரே மகன் ராஜராஜன் சென்ற தை மாதம் சிங்கப்பூரில் வேலை செய்த இடத்தில் கட்டடச் சாரம் சரிந்து இறந்துவிட்டான். என் கொடுமை தாங்காமல் செம்மொழி தீக்குளிக்க முயன்றதாக அவருடைய அண்ணன் வளவன் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு வந்து, சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு இதைச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக எங்கள் குடும்ப வரலாற்றுக்கான ஆவணங்களைச் சேகரித்து, ஆளுக்கு ஒரு கோப்பாக மாடி அறையில் வைத்திருந்தேன். இருப்பவர்களுடைய கோப்புகள் ஒரு பீரோவிலும் இறந்தவர்களுடையவை மற்றொரு பீரோவிலும் இருந்தன. பழைய ஆட்கள் இறந்த தேதிக்குக் கருமாதிப் பத்திரிகையைத் தவிர வேறு சான்று கிடைப்பது அரிது. அதைப் படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் வைக்க மாட்டார்கள். நான் கிழிக்காமல் வைத்தேன். மொத்தம் 212 இருந்தன. இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் மகனுடைய கருமாதி முடிந்த மறுநாள் அவனுடைய கோப்பை இரண்டாவது பீரோவுக்கு மாற்றினேன். அதன் பிறகு, நிச்சயம் ஆன வருடத்தில் அவன் செம்மொழிக்குக் கைப்பட எழுதிய ஒன்பது கடிதங்களைக் கேட்டேன். "பாத்துட்டுக் குடுத்துடுங்க மாமா" என்று கொடுத்தார். மன்னார்குடியில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை அவரிடம் கொடுத்துவிட்டு மூலத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டேன். நூலகத்தில் மூலம் உள்ளே இருக்கும், நகல்தான் வெளியே போகும். அன்று எனக்கு அது தவறாகப் படவில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை, "இதுல பேனா அழுத்துன தடமே இல்லியே மாமா" என்றார். "பத்திரமா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். கடிதங்கள் என் மேசை இழுப்பறையில் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

4.7.2024 வியாழக்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு மாடி அறையைக் கூட்டப் போனவர் இரண்டாவது பீரோவைத் திறந்து பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "இத்தன சாவையும் வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு யாரு மாமா நல்லா இருக்க முடியும்?" என்றார். அதன் பிறகு கோப்புகளை நான்கு நடையாகக் கொல்லைக்குக் கொண்டுபோனார். மூன்றாவது நடையில் என் மகனுடைய கோப்பு அடியில் இருந்ததை நான் பார்த்தேன். கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவற்றை அவனுடைய கருமாதிப் பத்திரிகையோடு சேர்த்து ஒரே நூலில் கோத்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கிணற்றடியில் நின்றேன்.

அவர் காய்ந்த தென்னை மட்டையை அடியில் போட்டுக் கொளுத்தினார். தீ நன்றாகப் பிடித்த பிறகு, "அம்மா, அவன் லெட்டரும் அதுலதான் இருக்கு" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்கை வரை தீக்குள் விட்டார். நான் சத்தம் போட்டதும் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு 108 வண்டியில் தஞ்சாவூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே வளவன் என்னிடம், "பேப்பரையெல்லாம் நூல் போட்டுக் கட்டத் தெரிஞ்சிச்சில்ல, எந்தங்கச்சியப் பாக்கத் தெரியலியா மாமா?" என்று கேட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் புகார் கொடுத்திருப்பேன். ஆனால் செம்மொழி சாக நினைக்கவில்லை. அவர் தன்மேல் எதையும் ஊற்றிக்கொள்ளவில்லை. கையை விட்டது கடிதங்களுக்காக. அப்படி விடும்படி ஆனது என்னால்.

அவருடைய வலது கை மூடியே இருந்தது. செவிலியர் மெதுவாக விரல்களைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து என்னிடம் கொடுத்தார். அது 1987இல் இறந்த என் பெரியப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் பாதி. மயக்கம் தெளிந்ததும் செம்மொழி, "எடுத்துட்டனா மாமா?" என்று கேட்டார். "எடுத்துட்டம்மா" என்றேன். "எத்தன?" என்றார். "ரெண்டு" என்றேன். கைக்கட்டு அவிழ்த்ததும் காட்டச் சொல்லியிருக்கிறார்.

கடிதங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பகுதியைச் செம்மொழியிடம் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சொன்னத எழுதித்தான் ஆவணும் ஐயா" என்றார் சார்பு ஆய்வாளர்.

எழுதியதை நானே கண்ணாடி போட்டு முழுவதும் படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தவை. மருமகளிடம் ரெண்டு என்று சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) வை. கோவிந்தராசு