‘பவுனே’ பாட்டு வந்த வழி

காலையில் விடிவதற்குள் எழுந்துவிடுவேன். வேப்பங்குச்சியால் பல் துலக்கி, கிணற்றில் இறைத்துக் குளித்து, வேட்டியைத் துவைத்துக் கொடியில் போடுவேன். பிறகு ஹபீப் முகம்மது கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பேன். அவர் புதிதாகக் கிராமபோன் வாங்கியிருக்கிறார். என் தலை தெரிந்ததும் ‘பவுனே’ இசைத்தட்டின் மேல் முள்ளை எடுத்து வைப்பார். எனக்குச் செய்யும் மரியாதை அது. பாட்டு முடிகிற வரை நின்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, யார் யார் எப்படியெல்லாம் பாடினார்கள் என்று உங்கள் தீபாவளி மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முதலிலிருந்து எழுதுகிறேன். அச்சிடுவது உங்கள் விருப்பம்.

பாட்டுப் புத்தகத்தில் ‘இயற்றியவர் ஆறுமுகச்சாமி, பி.ஏ., சங்கரன்கோவில்’ என்று என் பேர் இருக்கும். அது சரியல்ல. முதலில் பாடியவள் என் மனைவி இசக்கித்தாய். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். எழுத்து வாசனை கிடையாது. 1947 தை மாதம் எங்கள் பெண் குழந்தை மாந்தம் கண்டு இறந்தது. பேர் வேறு, நாங்கள் கூப்பிட்டது பவுன். அடக்கம் செய்துவிட்டு நான் வீடு திரும்பியபோது இசக்கித்தாய் வெறுந்தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

பருத்தி வெடிக்கு முன்னே – என் பவுனே
பயணம் வெச்சியளோ
வாசத் தெளிக்கு முன்னே – என் பவுனே
வழிய மறந்தியளோ

நான் அழுதேன். அழும்போதே, மெட்டு நன்றாக இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் துரைப்பாண்டியின் நாடகக் கம்பெனி வந்தது. நான் அவர்களுக்கு அவ்வப்போது பாட்டு எழுதிக் கொடுப்பேன். எதுவும் நின்றதில்லை. அந்தத் தடவை, புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறும்போது கதாநாயகி பாட ஒரு பாட்டு வேண்டுமென்றான். இதைக் கொடுத்தேன். பிற்பாதியில் மட்டும் நாலு வரி மாற்றினேன். ஆர்மோனியத்தில் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத் துரைப்பாண்டி கையை எடுத்தான்.

“வே வாத்தியாரே, உம்ம மூஞ்சிக்கு இப்படி ஒரு பாட்டா? எங்கன புடிச்சீரு?”

“தானா வந்தது” என்றேன்.

மேடையில் அதை மெதுவாகத்தான் பாடினார்கள். மறு வருஷம் மதராஸில் இசைத்தட்டு போட்டவர்கள் கிளாரினெட் சேர்த்து வேகத்தைக் கூட்டினார்கள். அதிலிருந்து பாட்டு என் கையில் இல்லை. தறிக்காரர்கள் நாடா ஓடும் வேகத்துக்கு அதை இழுத்துக்கொண்டார்கள். புளியங்குடி சந்தையில் ஒருவன் ‘பவுனே’ இருந்த இடத்தில் ‘பழமே’ போட்டு எலுமிச்சை விற்றான். பக்கத்து வீட்டு ஞானபாய், ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர்கள் கோவில் பெண்களுக்கு ‘என் கர்த்தரே’ என்று மாற்றிச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வடிவத்தில் ‘பயணம்’ பரலோகத்துக்கு. கல்யாண வீடுகளில் நாயனக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்தார்கள். எங்கே புது மாதிரி கேட்டாலும் நின்று கேட்பேன். ஒன்றுமே நிற்காதவனுக்கு ஒன்று நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இசக்கித்தாய் நாடகம் பார்ப்பதில்லை. தெருப் பிள்ளைகள் பாடித்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அது பிள்ளைக்குள்ளதுல்லா?” என்று கேட்டாள்.

“பாட்டுக்கு யாரு பட்டா போட்டிருக்கா?”

“பேருக்காகச் சொல்லல. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடுனா சாவு தேடி வரும். ஊரு பூரா பாடுதாவ. வேண்டாம்னு சொல்லுங்க.”

மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு இலையில் சோறு போடச் சொன்னேன்.

1951 ஆவணியில் என் தங்கை கல்யாணம். தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு நாயனக்காரர் சண்முகையா, வீட்டுக்காரன் பாட்டாயிற்றே என்று எனக்காகவே ‘பவுனே’யை எடுத்தார். இசக்கித்தாய் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நாயனத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இது எம் பிள்ளைக்கு நான் வச்ச ஒப்பாரி. தாலி கட்டுத வீட்டுல ஊதாதிய.”

மாப்பிள்ளையின் தாயார் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். நான் எழுந்து, குழந்தை இறந்ததிலிருந்து என் மனைவிக்குப் புத்தி நிதானத்தில் இல்லை என்று சொன்னேன். உடனே எல்லோருக்கும் இரக்கம் வந்துவிட்டது. இரண்டு பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு அவள் உப்பு இல்லை என்று சொன்னால்கூட வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

சண்முகையா மட்டும் நம்பவில்லை. “நெசமா ஒப்பாரின்னா நான் இனிமே கல்யாண வீட்டுல தொடமாட்டேன் வாத்தியாரே” என்றார். பேச்சு மெல்லப் பரவியது.

கார்த்திகையில் ஒரு சினிமாக் கம்பெனியின் ஆள் வந்தார். இந்தப் பாட்டும் வேண்டும், படத்தின் மற்றப் பாட்டுகளையும் நானே எழுதவேண்டும் என்றார். வேலையை விட்டு மதராஸுக்கு வந்துவிடலாம். ஒரே ஒரு விஷயம்.

“சாவுப் பாட்டுன்னு ஏதோ பேச்சு அடிபடுதே சார்? எங்க முதலாளி சகுனம் பாக்குறவரு. பொங்கல் கழிச்சு அவரே வருவாரு. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டா திருப்தியாயிரும்.”

அவர் போனதும் இசக்கித்தாயிடம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும், கெஞ்சவில்லை.

“வரட்டும். உள்ளதச் சொல்லுதேன்” என்றாள்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. டாக்டர் நிமோனியா என்றார். ஞானபாய் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளை மாத்திரைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“மணி தவறாமக் குடுங்க சார். முன்னால மாதிரி இல்ல இப்ப. இதக் குடுத்தா பொழைச்சிக்கிடுவாவ.”

என் அம்மா கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்தாள். “கோமதியம்மை பாத்துக்கிடுவா” என்று தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். நான் தடுக்கவில்லை. அடுத்த வேளையிலிருந்து நானே கரைத்தேன். பிள்ளைக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

நான் இன்டர்மீடியட்டில் ரசாயனம் படித்தவன். மண் என்ன செய்யும், மாத்திரை என்ன செய்யும் என்று தெரியும். அம்மா மண்ணைக் கொடுத்தது நம்பிக்கை. நான் மண்ணை மட்டும் கொடுத்தது நம்பிக்கை அல்ல.

ஞானபாய் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று, “குடுத்தீங்களா சார்?” என்பாள். “குடுத்தேன்” என்பேன். “மருந்து கேக்கலியே” என்று அவள் நெற்றியைச் சுருக்குவாள். அது தேர்தல் சமயம். ஒலிபெருக்கி கட்டிய லாரி தெருவில் போய்க்கொண்டே இருந்தது. அதிலும் அதே மெட்டுத்தான்: ‘பருத்தி வெடிக்கு முன்னே – எங்க அண்ணன் பெட்டியில போட்டியளோ.’ இசக்கித்தாய் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான் கதவைச் சாத்தினேன். அந்த அளவுக்கு அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்பு இறந்துபோனாள்.

துட்டி கேட்க வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது ஒருத்தி ‘பருத்தி வெடிக்கு முன்னே’ என்று எடுத்தாள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது இசைத்தட்டுப் பாட்டு. துக்கத்துக்கு எடுப்பாக இருக்கிறதே என்று பாடினார்கள். கிளாரினெட் இல்லை, தாளம் இல்லை. எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில்தான் அது சரியாக உட்கார்ந்தது.

இதற்குமேல் ஒன்று உண்டு. கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். “பவுனுகிட்டப் போறேன்னு சொன்னா” என்றேன். சினிமா முதலாளி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறது. நீங்களும் படித்திருப்பீர்கள். படம் நன்றாக ஓடியது. மதராஸுக்கு நான் போகவில்லை.

எதுவும் தெரியாமல்தான் போனாள், அந்த வகையில் அவளுக்கு வேதனை இல்லை என்று இந்த ஒன்றே முக்கால் வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். அதைச் சொல்லித்தான் தூங்குகிறேன்.

அவள் இறந்த அன்று சாயங்காலம் புற்றுமண் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். குடித்தாள். அந்த வேளை மாத்திரையைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வேலியோரம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவள் கொல்லையைப் பார்த்த ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்திருந்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மண்ணத் தோண்டிப் பொதைங்க. மேல கெடந்தா கோழி தின்னுரும்.”