ஐந்தாவது கண்ணின் நடு அறை

மணி பன்னிரண்டு. உடனே போர்வையை இழுத்துக்கொள்ளாதீர்கள், நான் சொல்வது பட்டப்பகல் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை வேறு. திருமுக்கூடல் பக்கம் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு ஈ காக்காய் கிடையாது... இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் ஷாரோனுடைய சித்தி மகன் ஆல்பர்ட் மட்டும் கையில் டார்ச்சோடு போகிறான்.

அங்கே ஹைவேக்கு அகலமாக ஒரு பாலம் கட்டுகிறார்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை ஒரு கண். அவ்வளவு அகலத்துக்குக் கெட்டியாகக் கான்கிரீட் போட்டால் அதன் பாரத்தை அதுவே தாங்காது. அதனால் பெட்டி மாதிரி உள்ளே காலியாக விடுவார்கள், பக்கம் பக்கமாக மூன்று அறை. பலத்துக்காகச் சுவருக்குள் இரும்புக் கேபிளை விட்டு, ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். அறைக்குள் ஆள் குனிந்து நடக்கலாம். இறங்குவதற்கு மேலே ஒரு துவாரம். வேலை முடிந்ததும் அதையும் கான்கிரீட்டால் அடைத்துவிடுவார்கள்.

இறங்குகிறவன் துவாரத்தின் ஓரத்தில் சாக்பீஸால் தன் பெயரை எழுத வேண்டும், ஏறி வந்ததும் தானே அழிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஐந்தாவது கண்ணை அடைத்த அன்று பேய் மழை. மழை விட்டதும் வந்து பார்த்தார்கள்... ஒரு பெயரும் இல்லை. அடைத்துவிட்டார்கள். மழை அழித்திருக்குமே என்று ஒரு பாவிக்கும் தோன்றவில்லை! அன்றிலிருந்து, அங்கேயே வேலை பார்த்த ஆல்பர்ட்டின் அண்ணன் சாமுவேலைக் காணோம்.

"கேரளாவுக்கு ஓடியிருப்பான்" என்றார் சூப்பர்வைசர். இரண்டு மாதம் ஆயிற்று. ஆல்பர்ட்டுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போய் அதே பாலத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஆறாவது கண்ணுக்குள் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், அடைத்துவிட்ட ஐந்தாவது கண்ணிலிருந்து சத்தம். டொக்... டொக்... டொக்.

"கேபிள் இழுத்தா கான்கிரீட் முனகத்தான் செய்யும். வேலைய பாரு" என்றார் இன்ஜினியர்.

ஐந்தாவது கண்ணில் கேபிள் இழுத்து எத்தனை நாளாயிற்று!

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் எலும்பாவது கிடைத்தால் அம்மாவிடம் கொடுக்கலாம் என்று ஆறாவது கண்ணில் இறங்கினான். குறுக்குச் சுவரில் ஆள் தவழும் அளவுக்கு ஓர் ஓட்டை, பலகை அடித்திருந்தது. பெயர்த்துவிட்டு ஐந்தாவது கண்ணின் நடு அறைக்குள் தவழ்ந்தான். ஈரச் சுண்ணாம்பு நெடி. டார்ச் அடித்தான்... ஒன்றுமே இல்லை. எலும்பு இல்லை, செருப்பு இல்லை, ஒரு பீடித்துண்டு கூட இல்லை. பயமும் வரவில்லை அவனுக்கு. சும்மா உட்கார்ந்துவிட்டான்.

அப்போது அவனைத் தாண்டி யாரோ தவழ்ந்து வெளியே போகிற சத்தம். சர்ர்... சர்ர்... முட்டி கான்கிரீட்டில் தேய்கிற சத்தம். டார்ச்சைத் திருப்பினான். யாரும் இல்லை.

எப்படி மேலே ஏறி வந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. வெயில் உடம்பில் படுகிறது, ஆனால் சுடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, அண்ணன் உள்ள இல்லம்மா..."

"உள்ள எப்பிடி இருப்பான்? இப்பத்தான் வூட்டுக்கு வந்தான். முட்டியெல்லாம் தேஞ்சி ரத்தமா கீது. அழுதுக்கினே கஞ்சி குடிச்சிக்கினு கீறான்."

"ஏன் அழுவறான்?"

"தம்பி உள்ள உக்காந்துக்கினு கீறான், எவ்ளோ உலுக்கியும் எந்திரிக்கவே இல்லன்றான்..." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஏம்பா, ஆல்பர்ட் போன்ல நீ யாருப்பா பேசறது?"