இன்ஸ்பெக்டர் அருணகிரியின் சிவப்பு மூடிகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் திருவிழாக் கமிட்டித் தலைவர் தசரதன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் கமிட்டி உறுப்பினர்களே, மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து நடந்தே வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

நான் கம்பவுண்டர் பஞ்சாட்சரம். மறைந்த சுகாதார ஆய்வாளர் அருணகிரி அவர்களோடு ஒன்பது வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். மறுக்கவில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் சுமந்து ஓடை தாண்டியவர் அவர். ஆனால் அந்தத் தங்கத்தைப் போன ஆனி மாதம் நடுத்தெருவில் விட்டது யார்? அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லையே!

நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மாணிக்கம்மாளின் மூன்று வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தோம். அந்தம்மா சொன்னபடியே செய்தார். ஆனால் கலந்தது சர்க்கரை அல்ல. சந்தையில் மலிவாக விற்ற சாக்கரின் வில்லை. சர்பத்துக்கும் கலர் சோடாவுக்கும் போடும் அதே வில்லை. அதில் இனிப்பு உண்டு, சத்து ஏது? இரண்டு நாள் விடாமல் ஊட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் குழந்தை இல்லை.

"தித்திச்சுதே சார்! தித்திச்சா சக்கரை தானே?" என்று கேட்டார் மாணிக்கம்மாள். அருணகிரி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று பிடித்த பிடியை அவர் விடவில்லை. சாக்கரினை ஒழிக்கச் சொன்னாரா? இல்லை! வில்லை விற்கிற கடையும், அதைக் கலக்கிற கடையும் வெளியே ஒரு அடையாளம் மாட்டட்டும் என்றார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பலகை எதற்கு என்று கேட்டீர்கள். தகர மூடிகளைப் பொறுக்கி, தன் கையாலேயே சிவப்பு அடித்தார். பதினான்கு கடைக்குப் பதினான்கு மூடி. சந்தையிலும் திருவிழாவிலும் கடை போட அனுமதி கொடுக்கிற உங்கள் கமிட்டியில் பதினோரு பேர். பதினோரு பேர் வீட்டுக்கும் போனார். "நீங்க சொன்னா சரிதாங்க" என்று பதினோரு பேரும் வாக்குக் கொடுத்தீர்கள். கொடுத்தீர்களா, இல்லையா?

ஆனி மாதக் கமிட்டிக் கூட்டம். சோடாக் கடை ராஜாக்கண்ணு எழுந்தார். "அமெரிக்காவுல இந்த வில்லையை எலிக்குக் குடுத்துப் பாத்தாங்களாம், புத்துநோய் வந்துச்சாம். நாம இன்னா எலியா?" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். அதோடு விட்டாரா? "இன்ஸ்பெக்டரு டீயில இன்னா போட்டுக் குடிக்கிறாரு? சட்டைப் பையைக் காட்டச் சொல்லுங்க!" என்றார்.

அருணகிரி பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சாக்கரின்தான்.

"ஆமாங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. இது எனக்கு டாக்டர் சொன்னது. நான் இன்னா சாப்பிடறேன்னு எனக்குத் தெரியும். மாணிக்கம்மாளுக்குத் தெரியலையே. அதைத் தெரியப்படுத்துங்கன்னுதான் கேக்கறேன்."

இதற்கு மேல் என்ன பேச்சு வேண்டும்? தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நெல்லிவாசல் உறுப்பினர் வீரன் ஒருவர் கைதான் உயர்ந்தது. மற்ற பத்துக் கையும் மடியிலேயே கிடந்தது!

அந்தப் புட்டி ராஜாக்கண்ணுவுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொன்னேன். இந்தப் பஞ்சாட்சரம் சொன்னேன். ஒரு மத்தியானம் அவர் கடையில் சோடா குடித்துக்கொண்டே, "எங்க இன்ஸ்பெக்டரும் இதைத்தான் போட்டுக்கிறாரு" என்று உளறினேன். நோயாளி ரகசியத்தைக் காக்க வேண்டியவன் நான். ராஜாக்கண்ணு அதைக் கூட்டத்தில் உடைத்தது துரோகம் என்றால், வாயைத் திறந்தது அதைவிடப் பெரிய துரோகம். அருணகிரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதோடு முடிந்ததா? மலையில் சேதி சொல்ல வருகிறவருக்கு முதலில் வெல்லத் தண்ணீர் கொடுப்பார்கள். அவர் குடித்த பிறகுதான் அவர் பேச்சு அந்த வீட்டில் எடுபடும். முன்பெல்லாம் அருணகிரி உதட்டில் வைத்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைப்பார். அதுவே மரியாதையாக இருந்தது. கூட்டத்துக்குப் பிறகு, "நமக்கு ஒண்ணு சொல்லிட்டு அவரு ஒண்ணு சாப்பிடறாரு" என்று பேச்சு பரவிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? புட்டியைத் தூக்கி எறிந்தார். வீடு வீடாகப் போய், கொடுத்த தம்ளரைக் காலி செய்துவிட்டுப் பேசினார். நான் கெஞ்சினேன். "குடிக்கலன்னா யாரு கேப்பாங்க பஞ்சாட்சரம்?" என்றார். காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. ஏழு மாதத்தில் போய்விட்டார்.

பெரியோர்களே! கடைசியில் தலைவர் எழுந்து இரண்டு நிமிட மௌனம் என்று சொல்லப் போகிறார். வேண்டாம் ஐயா! ஆனி மாதமே நாம் மௌனமாக இருந்து காட்டிவிட்டோம். அது போதும்.

அந்தப் பதினான்கு மூடியும் இதோ இந்தக் கோணிப்பையில் இருக்கிறது. அடுத்த சந்தையிலிருந்து இதைக் கடை கடையாகக் கொண்டுபோவது என் வேலை. அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். வெல்லத் தண்ணீர் கொடுக்கிற வீட்டில் முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட்டுத்தான் தம்ளரைத் தொடுவேன். கமிட்டியாரே, அன்று தூக்காத கையை இன்று தூக்குங்கள். மாணிக்கம்மாள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டே தூக்குங்கள்.

ராஜாக்கண்ணு, பெரிய மாலையோடு வந்திருக்கிறீர்கள். அதைக் கீழே வைத்துவிட்டு மேலே வாருங்கள். முதல் மூடி உங்கள் கடைக்கு.